சொந்த வீட்டுச் சுவரில் பூத்தது

1

சென்ற மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் தென்காசி போயிருந்தேன். பந்திக்குக் காத்திருந்தபோது, ஒன்றுவிட்ட மைனி ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். என் சேலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“ஏ செல்வி, பம்பாயில சொந்த வீட்ட விட்டுட்டு வாடகை வீட்டுக்குப் போயிட்டியளாமே. அண்ணாச்சிக்கு எதும் கடனா?”

“கடன்லாம் இல்ல மைனி.”

“பின்னே?”

“சுவத்துல பூஞ்சணம் பூத்துப்போச்சு. இருக்க முடியல.”

மைனி சிரித்தாள். “பூஞ்சணத்துக்காவ ஒருத்தி வீட்ட விட்டுட்டுப் போவாளா? ஊறுகாயில பூத்தா மேலாப்புல எடுத்துப்போட்டுட்டுத் திங்கோம். சுண்ணாம்பு அடிச்சாப் போச்சு.”

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளிடமும் சொன்னாள். அவளும் சிரித்தாள். நானும்கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். கல்யாண மண்டபத்தில் வேறென்ன செய்ய?

பம்பாய் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டே படம்தான். ஒன்று கடலோர மாடி வீடு, இன்னொன்று சாக்கடையோரக் குடிசை. குடிசையிலிருந்து மாடிக்குப் போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்பது கணக்கு. அங்கிருந்து ஒருத்தி கீழே இறங்கி வந்தால் ஒன்று குடிகாரப் புருஷன், இல்லாவிட்டால் கடன். மூன்றாவது காரணம் அவர்களுக்குத் தெரியாது. திரும்பி வரும் ரயிலில் கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பெயர் எழுதி டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் மாடசாமி, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஒரே மகள் நித்யா. இப்போது டோம்பிவிலியில் இருக்கிறோம். காலையில் லோக்கல் ரயிலில் ஒற்றைக்காலில் தொங்கி, குர்லாவில் மாறி, செம்பூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு நாள் வேலை முடிந்த அலுப்பு வந்துவிடும். வீட்டில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் காலை வெயில் விழுகிறது. துவைத்த துணி மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. இதற்காகத்தான் இந்தத் தொங்கல்.

2

கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபோது எங்கள் வீடு இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் தகரம். தகரத்தை இங்கே பத்ரா என்பார்கள். மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு பரண். தண்ணீர் பொதுக்குழாயில், கக்கூஸ் வரிசையில். மே மாதம் பரணில் கை வைத்தால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்த வாழ்க்கையைப் புகழ்ந்து பாட எனக்கு மனசு வராது. நித்யா வயிற்றில் இருந்தபோது அந்த வரிசையில் நின்ற காலத்தை நினைத்தால் இப்போதும் கால் கடுக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பத்ராவுக்கும் செங்கலுக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. எலி வரும், சத்தம் வரும், பக்கத்து வீட்டுச் சண்டை வார்த்தைக்கு வார்த்தை வரும். காற்றும் வரும். மழைக்கு நனைந்தது வெயிலுக்குக் காய்ந்துவிடும். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டுச் சுவரில் பூஞ்சணத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ரோடு அகலப்படுத்துகிறோம் என்று சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். கதவில் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். இடிக்கிற வீட்டுக்குப் பதில் வேறு வீடு தர, பத்திரம், ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் கேட்டார்கள். ரேஷன் கார்டில் மாடசாமி என்பது எப்படியோ ‘மேடம் சாமி’ என்று விழுந்திருந்தது. ஆபீஸ் வாசலில் பியூன் நின்று, “மேடம் சாமி கோன் ஹை?” என்று கத்துவான். அவர் எழுந்தால், “தும் நஹீ, மேடம் கோ புலாவ்” என்பான், நீ இல்லை, மேடத்தைக் கூப்பிடு என்று. அப்புறம் நான் எழுவேன். நான் எழுந்தால் கார்டில் ஆண் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். மேடம் சாமியை மாடசாமி ஆக்குவதற்குள் நித்யா ஸ்கூலில் ஒரு வகுப்பு ஏறிவிட்டாள்.

கடைசியில் வீடு கிடைத்தது. செம்பூரைத் தாண்டி, தேவ்நார் பக்கம், வரிசையாகக் கட்டிய உயரமான பில்டிங்குகளில் ஒன்றில் முதல் மாடி. ஒரு ஹால், ஓரத்தில் சமையல் மேடை, உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ். முதல் நாள் அவர் ஒவ்வொரு சுவராகப் போய் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“முழுக்க காங்கிரீட்டு, பாத்தியா. இனி எவனும் வந்து பிடுங்கிட்டுப் போவ முடியாது” என்றார்.

நித்யா கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். “சும்மா உட்காந்திருக்கேன் மம்மி. யாரும் வெளிய நிக்கலல்ல?” என்றாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

3

எங்கள் பில்டிங்குக்கும் அடுத்த பில்டிங்குக்கும் நடுவில் இருந்த சந்து எவ்வளவு அகலம் என்றால், எதிர் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கரண்டியை நீட்டினால் நான் சட்னியை வாங்கிக்கொள்ளலாம். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று அந்த வீட்டில் இருந்தபோது எனக்குத் தெரியாது. பகலிலும் டியூப்லைட். ஒரே ஜன்னல், அதுவும் இந்தச் சந்தைப் பார்த்து. மேல் மாடிகளில் இருப்பவர்கள் குப்பையைச் சந்தில்தான் போடுவார்கள். வெங்காயத்தோல், குழந்தை டயபர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் எங்கள் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் கீழே போகும். அதனால் ஜன்னலை மூடியே வைத்திருந்தோம்.

பூஞ்சணம் மழைக்காலத்துச் சமாச்சாரம் என்று ஊரில் நினைக்கிறார்கள். நாங்கள் அதைக் கண்டது குடிவந்த முதல் மே மாதத்தில். மழை வர இன்னும் நாள் இருந்தது. பம்பாயின் வெக்கை ஊர் வெக்கை மாதிரி உலர்ந்தது இல்லை. கடல் காற்றில் ஈரம் கோத்துக்கொண்டு வரும். சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகில் வியர்வை வழியும். அந்தக் காற்று உள்ளே வந்து, சோறு வடிக்கிற ஆவியோடும் குளித்த ஈரத்தோடும் கொடியில் கிடக்கும் துணியோடும் சேர்ந்து, வெளியே போக வழியில்லாமல் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. பீரோவுக்குப் பின்னால், மூலையில், மிளகுப்பொடி தூவின மாதிரி சில புள்ளிகள். அதுதான் ஆரம்பம். துணியால் துடைத்தேன், போய்விட்டது. அடுத்த வாரம் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. மழை முடிந்து அக்டோபர் வெயில் கொளுத்தியபோது ஹாலின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கறுத்துவிட்டது. மேலே சாம்பல் நிறத்தில் ரோமம் மாதிரி.

நான் சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன், அக்கம்பக்கத்தில் கேட்டேன். பீரோவைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டேன், பின்னால் காற்றுப் போகட்டும் என்று. காய்ந்த துணியால் துடைத்தால் பொடி பறந்து மூக்குக்குள் போகும் என்று டாக்டர் சொன்னதால், மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, உடனே ஃபேனைத் திருப்பி வைத்து உலர்த்தினேன். சட்டியை மூடாமல் எதையும் கொதிக்கவிடவில்லை. ஈரத்துணியை வெளியே வராந்தாவில் போட்டேன். அங்கே துணி போடக்கூடாது என்று பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி எடுத்து எறிந்தார், மறுபடி போட்டேன். பீரோவுக்குள் கரித்துண்டு முடிந்து வைத்தேன். என் கல்யாணப் பட்டுச்சேலையை மாதம் ஒரு தடவை வெயிலில் உதற மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால், மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி செக்ரட்டரியிடம். அவர் ஆபீஸ் போயிருப்பார்.

இதெல்லாம் உங்களுக்கும் உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் காற்றும் கொஞ்சமாவது எட்டிப்பார்க்கிற வீட்டில் இவை பலிக்கும். எங்களுக்குப் பலிக்கவில்லை. நான் துடைக்கத் துடைக்க அது பூத்தது. கல்யாணப் பட்டு மடிப்பு மடிப்பாக வெள்ளை பூத்து, பிரித்தபோது கிழிந்தது.

4

செக்ரட்டரியிடம் சொன்னோம். “பூரா பில்டிங் மே ஹை” என்றார். எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்றால் யார் வீட்டிலும் இல்லாத மாதிரிதான் போலிருக்கிறது. சர்க்கார் ஆபீஸுக்குப் போ என்றார்.

போனேன். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடையாது, நித்யாவுக்குக் காலேஜ். எனக்கு இந்தி பேசவரும், ஆனால் அது காய்கறிக்காரனோடு பேசுகிற இந்தி. பூஞ்சணத்துக்கு இந்தியில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். தமிழில் பூத்துப்போச்சு என்கிறோமே, அதையே திருப்பிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“சாப், ஹமாரா தீவார் பே ஃபூல் ஆயா ஹை” என்றேன், எங்கள் சுவரில் பூ வந்திருக்கிறது என்று.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “தீவார் பே ஃபூல் ஆயா? தோ பூஜா கரோ நா!” என்றார். பூ பூத்தால் பூஜை செய் என்று. சுற்றி இருந்த மேஜைகள் எல்லாம் சிரித்தன. அன்று அந்த ஆபீஸ் முழுவதும் என்னைப் பற்றிய பேச்சுதான். டீ கொண்டுவந்தவனுக்குக்கூட யாரோ சொன்னார்கள். நான் போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. “அச்சா, ஃபஃபூந்தி” என்றார், அதுதான் இந்தியில் பூஞ்சணம். பிறகு மராட்டியில் எழுதிக் கொடு என்றார்.

வீட்டுக்கு வந்து நித்யாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. “மம்மி, தெரியலன்னா எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா? இப்படிப் போய் நின்னு... எல்லாரும் ஹசிச்சாங்களா?” என்றாள். சிரித்தார்களா என்று கேட்கிறாள். என் மகளுக்குத் தமிழ் இவ்வளவுதான். கடைப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இதை அவள் படிக்கப்போவதில்லை. ஆனால் அன்று உட்கார்ந்து, ஸ்கூலில் படித்த மராட்டியில் அழகாக எழுதிக் கொடுத்தாள். பூஞ்சணத்துக்கு ‘புரஷி’ என்று எழுதினாள். ஒரே அழுக்குக்கு மூன்று பாஷையில் பெயர் கற்றுக்கொண்டேன்.

பலமுறை நடந்தபின் ஒரு இன்ஜினியர் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“ஆப் லோக் சாவல் பஹுத் பகாத்தே ஹோ. உஸ்கா பாஃப்” என்றார். நாங்கள் அரிசி அதிகம் பொங்குகிறோமாம், அதன் ஆவியாம். “கிடுக்கி குலா ரக்கோ” என்று சொல்லி, ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும் என்பதை நிரூபிக்கிற மாதிரி அவரே போய்த் திறந்தார். மேலிருந்து யாரோ ஊற்றிய அழுக்குத் தண்ணீர் கம்பியில் அடித்து அவர் சட்டைக்கையில் தெறித்தது. நான் துண்டை எடுத்து நீட்டினேன். அதை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

கட்டிக்கொடுத்த பில்டர் குறையைச் சரிசெய்யவேண்டிய காலம் முடிந்துவிட்டது என்று பிறகு பதில் வந்தது. விற்றுவிட்டுப் போகலாமென்றால், கிடைத்த வீட்டை இத்தனை வருஷத்துக்கு விற்கக்கூடாது என்று சட்டம். வீடு எங்களுடையது. ஆனால் அதை இடிக்க முடியாது, விற்க முடியாது, சுவரில் ஒரு ஜன்னல் கூடுதலாக உடைத்து வைக்கவும் முடியாது. மேடம் சாமிக்குக் கிடைத்த வீடு, அப்படித்தான் இருக்கும்.

5

நித்யா மாட்டுங்காவில் காலேஜ் படித்தாள். நன்றாகப் படிக்கிற பெண், சிரிக்கப் பேசுகிற பெண். இரண்டாம் வருஷம் பாதியில் சிரிப்பு குறைந்தது. இருக்கிற துணியை எல்லாம் திரும்பத் திரும்பத் துவைத்தாள். சென்ட் வாங்கி அடித்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவில் இருந்த அவள் துணிகள் அத்தனையையும் எடுத்துத் தரையில் கொட்டினாள்.

“என்ன நித்யா?”

“ஸ்மெல் பண்ணிப் பாரு மம்மி. நீயே பாரு.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வாசத்துக்குள்ளேயே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

“கிளாஸ்ல என் பெஞ்சுல யாரும் உட்கார மாட்டேங்குறாங்க. ஒருத்தி சொல்றா, ‘தேரே கப்டோ ஸே பாஸ் ஆத்தி ஹை’ன்னு. நாத்தம் வருதாம். பத்ரா வீட்ல இருந்தப்போகூட யாரும் என்னை இப்படிச் சொன்னதில்ல.”

சொல்லும்போதே இருமினாள். அந்த இருமல் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ஏறி இறங்கினால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். எங்கள் டாக்டர் இழுப்பு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் பில்டிங்கிலிருந்தும் பக்கத்து பில்டிங்குகளிலிருந்தும் கிளினிக்குக்கு இருமலோடு வருபவர்களுக்கு நான்தான் டோக்கன் கொடுப்பேன். கீழ் மாடிக்காரர்கள்தான் அதிகம். அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். மகள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பிளீச்சிங் பவுடர் பொட்டலமும், பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலும் இருந்தன. நான் கீழே பால் வாங்கப் போயிருந்தேன். நித்யா சமையல் மேடைப் பக்கம் பாயில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கணக்கு சுலபமானது. பிளீச்சிங் பவுடர் பூஞ்சணத்தைக் கொல்லும், ஆசிட் கறையைக் கொல்லும். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கொல்லும். ஜன்னல் மூடியபடியே இருக்க, வாளியில் இரண்டையும் கொட்டிக் கலக்கினார்.

நான் படியேறி வரும்போதே கண் எரிந்தது. வராந்தாவில் ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் நித்யாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கதவைவிட்டு வெளியே வந்தார். அவருக்கும் இருமல், கண்ணில் தண்ணீர். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், காற்று உள்ளே போகவில்லை. அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுத? எழுதவில்லை.

ஆட்டோவில் போகும்போது அவர் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார். “சுத்தம் பண்ணத்தாம்மா. சுத்தம் பண்ணத்தான்.”

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டையும் சேர்த்தால் விஷப்புகை வரும், இது தெரியாதா என்று ஒரு நர்ஸ் அவரைத் திட்டினாள். தெரியாது. படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அவருக்குத் தெரிந்தது தோல்தான். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஊரில் இருப்பவர்களுக்கு இதை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன்: பிளீச்சிங்கோடு எந்த ஆசிட்டையும் கலக்காதீர்கள். வெறும் பிளீச்சிங் என்றாலும் கதவு ஜன்னல் திறந்து வைத்துத்தான்.

6

ஆஸ்பத்திரியிலிருந்து நித்யா அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. எங்கள் டாக்டரே சொன்னார்: “செல்வி, பொண்ணை அங்க படுக்க வைக்காதே.” மாட்டுங்காவில் அவள் சிநேகிதியின் வீட்டில், பாலக்காட்டுக்காரர்கள், ஒரு அறையைப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். முதலில் சாப்பிட்டுவிட்டுப் போனாள். பிறகு வராந்தாவில் நின்று பேசிவிட்டுப் போனாள். பிறகு, “ஸ்டேஷன்ல மீட் பண்ணலாமா மம்மி?” என்று கேட்டாள். கோவண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் கொண்டுபோன டப்பாவைத் திறந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைப்பேன். அந்த வீட்டுக்காரர்களின் பேச்சு அவள் நாக்கில் ஏற ஆரம்பித்திருந்தது. ‘சொல்லுதேன்’ என்று நான் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வாசனை வந்தது அவளிடம். யார் வீட்டு வாசனையோ.

அவளுக்கு அப்பா மேல் கோபம் இல்லை. அவருக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், “பட்டறையில வேல கிடக்கு” என்பார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும். அந்தச் சுவரைப் பார்க்காத மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். அன்றைக்குப் பிறகு அதை அவர் கையால் தொட்டதில்லை.

படிப்பு முடிந்து தானாவில் நித்யாவுக்கு வேலை கிடைத்தபோது, டோம்பிவிலியில் வீடு பார்க்கட்டுமா, மூன்று பேரும் சேர்ந்து இருக்கலாமா என்று அவள்தான் கேட்டாள். நான் அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் போனது. பிறகு, “நம்ம வீட்ட என்ன செய்ய?” என்றார். இடிபட்டு, வரிசையில் நின்று, பெயரையே தொலைத்து வாங்கிய வீடு.

“வாடகைக்கு விடுவோம். எல்லாரும் விடுதாவல்லா” என்றேன். விடக்கூடாதென்றுதான் சட்டம். அந்த ஒரு சட்டத்தை மட்டும் அங்கே யாரும் மதிப்பதில்லை.

இப்போது மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழ்தான் இருக்கிறோம். நித்யாவுக்கு இருமல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அவள் வீட்டுக்கு வருவதே ராத்திரி சாப்பாட்டுக்கு. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, யாரோடோ இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுவாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றாக இருக்கவேண்டிய வருஷங்களைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம்.

7

வீட்டை வாடகைக்கு விட்ட கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஏஜென்ட் வந்து பார்த்தான். “சுவத்துக்குப் பட்டி பாத்து ரெண்டு கோட் பெயிண்ட்டு அடிச்சிருங்க அண்ணாச்சி. ஆள் வர்ற அன்னைக்குப் பளிச்சுனு இருக்கணும். வந்தப்புறம் அவங்க பாடு” என்றான். ஆள் வைத்து அடித்தோம். வெளிர் மஞ்சள். அந்த வீடு அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

பார்க்க வந்தவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பேச்சி என்று பெயர். இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் டெம்போ ஓட்டுகிறவன், அவன் கீழே வண்டியில் இருந்தான். அவள் குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதைப் பார்த்தாள். கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்.

ஏஜென்ட் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை மூக்கை உறிஞ்சியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்தா பாரு பேச்சி. இந்தச் சுவரு பெயிண்ட்டு அடிச்சதுனாலதான் இப்படி இருக்கு. உள்ள முழுக்கப் பூஞ்சணம். வெக்க வந்தா மறுபடி பூக்கும். எம் மவ இதுல கிடந்து மூச்சுத் திணறித்தான் நாங்க போறோம். பச்சப்பிள்ளைய வச்சுருக்க, யோசிச்சுக்கோ.”

ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். பேச்சி சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“தெரியும்க்கா” என்றாள். “பெயிண்ட்டு வாசம் அடிக்கும்போதே தெரியும். இந்தப் பக்கம் பாத்த வீடெல்லாம் புதுப் பெயிண்ட்டுதான். வாயத் தொறந்து சொன்னது நீங்க மட்டுந்தான்.”

“தெரிஞ்சுமா எடுக்க?”

“நாங்க இருக்க இடத்துல மழ பெஞ்சா சாக்கடத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துரும். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நிப்பேன். இங்க படுக்கவாது செய்யலாம்லா.” குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். “தொட்டில் எங்கக்கா கட்ட?”

நான் மேலே பார்த்தேன். ஹாலில் ஒரே ஒரு கொக்கி. அது பூஞ்சணம் பூத்த அந்தச் சுவரை ஒட்டி இருந்தது.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்தார். கீழே போய், டிரில் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் பக்கத்தைக் காட்டி, அங்கே ஒரு கொக்கி போடச் சொன்னார். இன்னும் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். கதவு நிலையில் முதுகு இடித்ததும்தான் நின்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் தள்ளிப்போக இடமில்லை.